பறக்கும் தும்பியைப் படமெடுத்தல்: திருகோணமலைக் குளக்கரைகளுக்கான வழிகாட்டி

பறக்கும் தும்பியை, அதாவது தட்டானை, ஓட்டோஃபோகஸ் (படம் தெளிவாக விழும்படி கமரா தானாகவே லென்ஸைச் சரிசெய்யும் வசதி) கொண்டு படமெடுக்கத் தொடங்குவோர் முதல் நாளிலேயே எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றுதான்: நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்ற தும்பியைக் கமரா காண மறுக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னுமாக முழுத் தூரமும் ஒருமுறை ஓடி, கடைசியில் பின்னாலுள்ள சம்புப் புல்லிலோ குளத்தின் மறுகரையிலோ போய் நிற்கிறது. அதற்குள் தும்பி போய்விடுகிறது. இதனைக் கமராவின் குறையென்று எண்ணி, விலை கூடிய வேறொன்றைத் தேடுவோர் பலர். ஆயினும் இது ஓட்டோஃபோகஸ் இயங்கும் விதத்திலிருந்தே வருகின்ற விளைவாகும். அதைப் புரிந்துகொண்டவர், கைமாறி வந்த பழைய டி.எஸ்.எல்.ஆர் (உள்ளே கண்ணாடி கொண்ட) கமராவைக் கொண்டும் நல்ல படங்களை எடுத்துவிடலாம்.

இன்றைய கமராக்களில் பெரும்பாலானவை, லென்ஸின் இரு பக்கங்களினூடாக வரும் ஒளியைப் பிரித்து இரண்டு உருவங்களாக ஒப்பிட்டு, அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து குவியத்தை (படம் தெளிவாக விழும் தூரத்தை) எத்திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணிக்கின்றன. அவ்வாறு ஒப்பிடுவதற்குத் தெளிவான விளிம்பு ஒன்று வேண்டும். தும்பியின் உடலோ ஈர்க்கு அளவு மெல்லியது. சிறகுகள் கண்ணாடி போன்றவை. குவியம் தும்பியிலிருந்து வெகு தூரம் விலகியிருக்கும்போது அந்த மெல்லிய உடல் படத்தில் முற்றாகக் கரைந்து, ஒப்பிடத்தக்க விளிம்பே இல்லாமற் போகிறது. அதே வேளை பின்னாலுள்ள புல்லும் இலையும், மங்கலாகவேனும், பெரிய பரப்பில் வலுவான வேறுபாட்டைக் காட்டுகின்றன. கமரா அவற்றைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையானது இதுவே: ஓட்டோஃபோகஸ் தும்பியைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவி அன்று, நீங்கள் முன்கூட்டியே தும்பியின் அருகே கொண்டுவந்து நிறுத்திய குவியத்தைக் கடைசி அரை மீற்றருக்குள் சரிசெய்து தருகின்ற கருவி. இனி வரும் அமைப்புகள், நிற்கும் இடம், காற்றின் திசை அனைத்தும் அந்த அரை மீற்றருக்குள் தும்பியைக் கொண்டுவருவதற்கான ஏற்பாடுகளே.

காற்றும் வெயிலும்

தும்பிகள் காற்றை எதிர்கொண்டு பறக்கும்போது நிலத்தைப் பொறுத்த அவற்றின் வேகம் குறைகிறது. மிதமான காற்றில் அவை ஓரிடத்தில் நின்றதுபோலவே மிதக்கின்றன. காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், தும்பி உங்களை நோக்கிய முகத்துடன், மெதுவாக, ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்கும். வெயிலும் முதுகுப் பக்கமாக இருந்தால் கண்ணிலும் மார்பிலும் ஒளி விழும். காற்றும் வெயிலும் ஒரே பக்கமிருந்து வருகின்ற வேளைதான் தும்பிக்கு நல்ல வேளை.

திருகோணமலையில் இவ்வேளை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. மாரி காலத்தில், ஏறத்தாழ ஒக்டோபர் இறுதி தொடக்கம் ஜனவரி வரை, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது; காலை வெயிலும் கிழக்குப் பக்கமாகவே வருவதால், மழை விட்ட காலைகள் இரண்டும் இசைகின்ற பொழுதுகளாகும். கிழக்கை முதுகாக்கி, மேற்கு நோக்கி நின்று எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரையான மாதங்களிலோ காற்று மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து வருகிறது; காலையில் வெயில் ஒரு பக்கமும் காற்று மறுபக்கமுமாக இருக்க, மாலை நான்கு மணிக்குப் பின்னரே அவை ஒன்றுசேர்கின்றன. கச்சான் கடுமையாக வீசும் நாளில் திறந்த குளக்கட்டின் மேல் நின்று பயனில்லை. கட்டின் மறைவிலும் மரவரிசையின் ஒதுக்குப்புறத்திலும் தும்பிகள் கூடியிருக்கும். அங்கே போய் நிற்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளி போன்ற கரையோர இடங்களில் பிற்பகற் கடற்காற்று இந்தக் கணக்கைக் குழப்பிவிடக் கூடுமாதலால், புல் சாயும் பக்கத்தைப் பார்த்தே நிற்குமிடத்தைத் தீர்மானிப்பது நல்லது.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று ஊரில் சொல்வதைப் படமெடுப்பவரும் நினைவில் வைத்திருக்கலாம். மழைக்கு முந்திய பொழுதுகளில் சிறு பூச்சிகள் தாழ்வாகப் பறக்க, அவற்றைத் தின்ன வருகின்ற தும்பிகளும் இடுப்பளவு உயரத்தில் கூட்டமாகப் பறக்கும். ஒளி குறைவுதான், ஆனால் தும்பி தலைக்கு மேல் வானத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

இடங்களைப் பொறுத்தவரை, கந்தளாய்க் குளத்தின் அலைகரை, தம்பலகாமத்து வயல்வெளிகளை ஊடறுக்கும் வாய்க்கால்கள், நிலாவெளி வீதியை அண்டிய பெரியகுளம், மூதூர்ப் பக்கத்துச் சிறுகுளங்கள் என்று எங்கும் தும்பிகள் உள்ளன. கோடையில் நீர் வற்றி அலைகரையில் சேறும் புல்லும் வெளிப்படும் காலத்தில், எஞ்சிய நீரோரத்தில் தும்பிகள் நெருக்கமாகக் கூடும். துருசுக்கு, அதாவது மதகுக்கு, கீழே வாய்க்கால் தொடங்கும் இடம் குறிப்பாக நல்லது. அங்கே நீர் ஒடுங்குவதால் தும்பி போகும் பாதையும் ஒடுங்கிவிடுகிறது. குளத்தோரத்தில் முதலையையும், பொழுது சாய்ந்த பின் கந்தளாய்ப் பக்கத்தில் யானையையும் மறந்துவிடாமல், நீர்விளிம்பில் படுத்து எடுக்கும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். சீனக்குடா விமானப்படைத்தளம், கடற்படைத்தளம், கோட்டை ஆகியவற்றின் அயலில் நீண்ட லென்ஸைத் தூக்குவது வேண்டாத விசாரணைக்கு இடமளிக்கும். உள்ளூரார் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியூரிலிருந்து வருவோருக்காகச் சொல்கிறேன்.

எந்தத் தும்பியிலிருந்து தொடங்குவது

எல்லாத் தும்பிகளும் ஒரே விதமாகப் பறப்பதில்லை என்பதால், பழகுவதற்கு ஏற்ற இனத்தைத் தெரிந்தெடுப்பது பாதி வேலையை முடித்துவிடும். மஞ்சளும் கரும்பழுப்புமான புள்ளிச் சிறகுகளை உடைய ரியோதெமிஸ் வேரியகேட்டா என்னும் இனம், முதலில் பார்ப்பவர் வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணும் அளவுக்கு மெதுவாகச் சிறகடிக்கிறது. அகன்ற, நிறம் அழுத்தமான அதன் சிறகுகளில் ஓட்டோஃபோகஸ் பற்றுவதற்கு வேண்டிய வேறுபாடு தாராளமாக உள்ளது. தாமரையும் அல்லியும் படர்ந்த குளங்களில் அதனைக் காணலாம். தொடங்குவோருக்கு இதைவிட ஏற்ற இனத்தை நான் அறியேன்.

மாரி தொடங்கும் காலத்தில் வெளிகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் கூட்டமாக மிதக்கின்ற பொன்மஞ்சள் நிறத் தும்பி பன்டாலா ஃபிளேவெசென்ஸ் ஆகும். கடல் கடந்து நெடுந்தூரம் வலசை போகும் இனம் இது. இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கிழக்கு ஆபிரிக்கா வரை இது செல்வதாகச் சாள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர் 2009 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். காற்றில் மிதந்து சக்தியைச் சேமிக்கும் அந்தப் பறப்பு முறையே நமக்கும் உதவுகிறது: இரை தேடும்போது அது ஒரே வெளியில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வந்து போகும், அரிதாகவே அமரும். பின்னணி திறந்த வானமாக இருக்கும்போது கமராவைக் கவர வேறெதுவும் இல்லாததால், அகன்ற குவிய வலயத்தைக் கொண்டே இதனைப் பிடிக்கலாம்.

மூன்றாவது வகை, குச்சி நுனியை விட்டுப் பறந்து மீண்டும் அதே குச்சிக்குத் திரும்புபவை. குளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட கொம்பின் நுனியில் காவல் இருக்கின்ற, கறுப்பும் மஞ்சளுமான பெரிய இக்டினோகோம்பஸ் ராபக்ஸ் இதற்குச் சிறந்த உதாரணம். கருஞ்சிவப்பான குரோகோதெமிஸ் சேர்விலியாவும் அப்படியே. இவற்றில் பறப்பைத் துரத்தவே வேண்டியதில்லை. திரும்பி வந்து அமர்வதற்கு முந்திய கணத்தை எடுத்தால் போதும்.

நீண்ட கரையோரம் முழுவதும் ஓயாது ரோந்து செல்லும் அனாக்ஸ் குட்டாட்டஸ் போன்ற பெரிய தும்பிகளைக் கை பழகிய பின்னரே தொட வேண்டும். அந்தி மங்கிய பின் வெளிவந்து தாறுமாறாகப் பறக்கும் தோலிமிஸ் டில்லார்காவை ஓட்டோஃபோகஸால் எடுக்க முயல்வது வீண் வேலை என்பது என் எண்ணம்.

தூரக் கணக்கு

நெருங்கி எடுத்தால்தான் பெரிதாகத் தெரியும் என்ற எண்ணம் இங்கே நம்மை வழிதவறச் செய்கிறது. சிறிய சென்சர் கொண்ட, அதாவது ஏ.பி.எஸ்-சி வகைக் கமராவில் 400 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டி, எஃப் 8 என்ற லென்ஸ் திறப்பில், 3 மீற்றர் தூரத்தில் உள்ள தும்பியை எடுப்பதாகக் கொள்வோம். 5 சென்ரிமீற்றர் நீளமான தும்பி படத்தின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நிரப்பும். ஆனால் தெளிவாக விழுகின்ற ஆழமோ 2 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதே தும்பி 5 மீற்றர் தூரத்தில் படத்தின் ஐந்திலொரு பங்கையே நிரப்பும். தெளிவின் ஆழமோ 5 சென்ரிமீற்றராக விரிகிறது. அத்துடன் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தும்பியைத் தேடிப் பிடிக்கும் பரப்பும் விரிகிறது. 20 அல்லது 24 மெகாபிக்சல் படத்திலிருந்து ஐந்திலொரு பங்கை வெட்டி எடுப்பது இன்று பெரிய இழப்பில்லை. எனவே 4 தொடக்கம் 5 மீற்றர் தூரத்தில் தொடங்குங்கள். கை பழகிய பின் மூன்று மீற்றருக்கு வரலாம்.

250 மில்லிமீற்றர் வரையே உள்ள, கமராவுடன் சேர்ந்தே வரும் கிற் லென்ஸ் வைத்திருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. கெனனின் 55-250 எஸ்.ரி.எம் லென்ஸ் 85 சென்ரிமீற்றர் வரை அண்மித்துக் குவிகிறது. 2 மீற்றர் தூரத்தில் அதன் 250 மில்லிமீற்றர் முனை, மேலே சொன்ன 400 மில்லிமீற்றர் 3 மீற்றரில் தருவதற்கு மிக நெருங்கிய அளவைத் தருகிறது. தும்பி அவ்வளவு அருகே வர விடுவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

நீண்ட லென்ஸ்களில் குவிய எல்லையைக் கட்டுப்படுத்தும் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். பறவை எடுப்போர் அண்மையை வெட்டிவிட்டுத் தொலைவை மட்டும் வைத்துக்கொள்வர். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. சிக்மாவின் 150-600 கொன்டெம்பரரி லென்ஸில் 2.8 தொடக்கம் 10 மீற்றர் என்ற நிலையும், சோனியின் 200-600 லென்ஸில் 2.4 தொடக்கம் 10 மீற்றர் என்ற நிலையும் உள்ளன. இந்நிலையில் வைத்தால், குவியம் தவறினாலும் லென்ஸ் மறுகரைக்கு ஓடாமல் பத்து மீற்றருக்குள்ளேயே திரும்பிவிடும். கெனனின் 100-400 இரண்டாம் பதிப்பில் உள்ள சுவிட்சோ 3 மீற்றருக்கு உட்பட்டதை மட்டுமே வெட்டுகிறது. அதனைத் தும்பிக்குப் பயன்படுத்துவதில் பெரிய நன்மை இல்லை.

கமரா அமைப்புகள்

குவிய முறையை, பொருள் நகர நகரக் குவியமும் மாறுகின்ற தொடர் முறையில் வையுங்கள்: நிக்கோன், சோனி கமராக்களில் ஏ.எஃப்-சி, கெனன் டி.எஸ்.எல்.ஆர் கமராக்களில் ஏ.ஐ. சேர்வோ. ஷட்டர் பொத்தானிலிருந்து குவியத்தைப் பிரித்துக் கமராவின் பின்புறத்துப் பொத்தானுக்கு மாற்றுங்கள். குவியத்துக்கென்றே உள்ள ஏ.எஃப்-ஓன் பொத்தான் இல்லாத விலை குறைந்த உடல்களிலும் எக்ஸ்போஷரைப் பூட்டும் பொத்தானுக்கு அந்த வேலையைக் கொடுக்க மெனுவில் வழி உண்டு. பெருவிரலை எடுத்தவுடன் குவியம் அந்த இடத்திலேயே நிற்கும், அழுத்தியவுடன் மீண்டும் தேடத் தொடங்கும் என்பதுதான் இம்மாற்றத்தின் முழுப் பயன். பின்னர் சொல்லப்படும் முறை அதன்மேல்தான் நிற்கிறது.

குவியப் பரப்பாக, நடுப்புள்ளியும் அதனைச் சூழ்ந்த சில புள்ளிகளும் சேர்ந்து இயங்கும் முறையைத் தெரிந்தெடுங்கள். நிக்கோனில் 9 புள்ளி டைனமிக் ஏரியாவும், சோனியில் எக்ஸ்பாண்ட் ஃபிளெக்ஸிபிள் ஸ்பொட்டும் இதைச் செய்கின்றன. அவ்வாறான முறை இல்லாத கமராவில் சிறிய வலய முறை போதும். தனிப் புள்ளி மட்டும் என்றால், அசையும் மெல்லிய உடலில் அதனை வைத்திருக்க மனிதக் கையால் இயலாது. முழுப் பரப்பும் கமராவின் விருப்பத்துக்கு என்றால், அது புல்லைத்தான் விரும்பும். பழைய டி.எஸ்.எல்.ஆர்களில் நடுப்புள்ளியே கூர்மையானது. ஓரப் புள்ளிகளைப் பயன்படுத்தி அழகாகச் சட்டகப்படுத்த முயலாமல், நடுவில் வைத்து எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய தும்பி விநாடிக்கு 30 தடவை அளவில் சிறகடிக்கிறது என்று கொண்டால், 4 சென்ரிமீற்றர் நீளமான சிறகின் நுனி 1/2000 விநாடியில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். சிறகும் முற்றாக உறைய வேண்டுமென்றால் 1/4000 வேண்டும். உடலும் கண்ணும் தெளிந்து சிறகு நுனி சற்றே கலங்கியிருக்க 1/1250 போதும், அக்கலக்கம் பறப்பின் உணர்வைத் தருவதாகச் சிலர் அதையே விரும்புகின்றனர். சிறகு மேலெல்லையிலும் கீழெல்லையிலும் திரும்பும் கணத்தில் நின்று போவதால், 1/1600 இல் எடுத்த தொடரிலும் ஒன்றிரண்டு படங்களில் நரம்புகள் வரை தெளிந்திருக்கும்.

ஒளியளவை நீங்களே தீர்மானிக்கும் மனுவல் முறைதான் பாதுகாப்பானது. ஏனெனில் தும்பி ஒரு கணம் வானத்தின் முன்னும் மறுகணம் கருநீரின் முன்னும் பறக்கும், அதன்மேல் விழும் வெயிலோ மாறுவதில்லை. தெளிந்த வெயிலில் எஃப் 8, 1/2500, ஐ.எஸ்.ஓ (சென்சரின் ஒளியுணர்வு அளவு) 640 என்பது நல்ல தொடக்கம். முகில் மூடினால் ஐ.எஸ்.ஓவை 2000க்கு மேல் உயர்த்தத் தயங்க வேண்டாம். கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் தெளிவாக்காது; உயர்ந்த ஐ.எஸ்.ஓவால் வரும் குருணையையோ இன்று எளிதாகக் குறைத்துவிடலாம். லென்ஸின் அதிர்வுத் தணிப்பை, பக்கவாட்டு அசைவுக்குரிய நிலையில் வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

களத்தில் செய்ய வேண்டியது

குளக்கரைக்குப் போனதும் கமராவைத் தூக்காமல், பத்து நிமிடமேனும் நின்று பார்ப்பது அவசியம். ஆண் தும்பி தன் எல்லைக்குள் ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போய்வரும். எந்தச் சம்புத் தண்டில் திரும்புகிறது, எங்கே ஒரு கணம் மிதக்கிறது, எந்த இடத்தில் எதிரியைக் கண்டு மேலெழுகிறது என்பவை சிறிது நேரத்தில் பிடிபட்டுவிடும். திரும்பும் இடத்தில் வேகம் குறைகிறது. படமெடுக்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த இடத்துக்கு நேராக, உங்களிலிருந்து அதே தூரத்தில் உள்ள ஒரு தாமரை இலையின் விளிம்பையோ தண்டையோ பின்புறப் பொத்தானால் குவியப்படுத்தி, பெருவிரலை எடுத்துவிடுங்கள். இப்போது குவியம் தும்பி வரப்போகும் தூரத்தில் காத்து நிற்கிறது. இரு கண்களையும் திறந்தபடி, ஒரு கண்ணால் வியூஃபைண்டரையும் மறுகண்ணால் வெளியையும் பாருங்கள். தும்பி சட்டகத்துக்குள் வந்து, உடலின் கோடு மங்கலாகவேனும் தெரியத் தொடங்கிய பின்னரே பெருவிரலை அழுத்த வேண்டும். ஒன்றுமே தெரியாத வேளையில் பதற்றத்தில் அழுத்தினால் லென்ஸ் ஓடிவிடும். அழுத்தி, குவியம் பற்றியது தெரிந்த உடனே தொடராக நான்கைந்து படங்கள் எடுங்கள். தும்பி நடுவை விட்டு விலகினால் பெருவிரலை உடனே எடுத்துவிடுங்கள். குவியம் அங்கேயே நிற்க, தும்பியை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி அழுத்துங்கள். இந்தத் தட்டித் தட்டி அழுத்தும் முறைதான் இக்கலையின் உயிர். பெருவிரலை விடாமல் அழுத்திக்கொண்டே துரத்துவது பறவைக்குச் சரி, தும்பிக்குச் சரிவராது.

சூம் லென்ஸ் உள்ளவர் 200 மில்லிமீற்றர் அளவில் தும்பியைக் கண்டுபிடித்து, பற்றியபின் 400க்கு நீட்டலாம். இதற்கு இடக்கையின் பழக்கம் வேண்டும். சூம் வளையம் இறுக்கமான லென்ஸில் இது கைகூடாது.

பின்னணியைத் தெரிந்தெடுப்பது அழகுக்காக மட்டுமன்று. தும்பிக்கு ஒரு மீற்றர் பின்னால் புல் இருந்தால் அது கமராவை இழுத்துக்கொண்டேயிருக்கும். பின்னணி முப்பது மீற்றர் தள்ளிய நீர்ப்பரப்போ மறுகரை மரநிழலோ ஆனால் அந்தத் தொல்லை குறைகிறது. சற்றுக் குனிந்து நிற்பதாலும் இரண்டடி பக்கம் மாறுவதாலும் பின்னணி பெரிதும் மாறிவிடும். தம்பலகாமம் போன்ற வயல்வெளிகளில், நாற்று நட்ட புதிதில் வயல் முழுவதும் நீராகத் தெரிகின்ற வாரங்கள் இவ்வகையில் மிக நல்லவை. பயிர் உயர்ந்தபின் ஒவ்வொரு தாளும் கமராவுக்கு ஓர் ஈர்ப்பாகிவிடும். வரம்பில் நிற்பதற்கு வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

முட்டையிடும் தும்பிகள் தனிக் கவனத்துக்குரியவை. பெண் தும்பி வாலை நீரில் தொட்டுத் தொட்டு எழும்போது, அதன் தூரம் நீர்மட்டத்தால் நிர்ணயமாகிவிடுகிறது. அருகே மிதக்கும் இலையில் குவியம் வைத்தால் போதும். பச்சையும் கறுப்புமான ஓர்தெட்ரம் சபீனா போன்ற இனங்களில் ஆண் தும்பி பெண்ணுக்கு மேலே மிதந்தபடி காவல் காக்கும். அந்த வேளையில் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை. ஆண் தும்பியின் கண்ணில் குவியம் வைப்பதற்கு அதைவிட நீண்ட அவகாசம் வேறெப்போதும் கிடைப்பதரிது.

குச்சிக்குத் திரும்பும் இனங்களுக்கு, குச்சி நுனியிலேயே குவியத்தை வைத்துப் பெருவிரலை எடுத்துவிட்டு, தும்பி வரும் பக்கத்தில் சிறிது இடம் விட்டுச் சட்டகப்படுத்துங்கள். தும்பி பெரும்பாலும் காற்றை எதிர்த்தபடியே வந்து அமர்வதால், எப்பக்கமிருந்து வரும் என்பதைக் காற்றைக் கொண்டு ஊகிக்கலாம். லென்ஸின் நேர்க்கோட்டுக்குக் குறுக்கே அது வந்து அமரும்படி நீங்கள் நின்றால், வரும் வழி முழுவதும் அதே தூரத்தில் இருக்கும். உங்களை நோக்கி வந்தால் ஒரு படம்தான் தேறும்.

நுண்மையான சரிசெய்தல்

குவியம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு விரைவாகத் தாவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு இடைத்தரக் கமராக்களிலிருந்து மேலே உள்ளவற்றில் உண்டு. அதனை, எளிதில் தாவாத பக்கமாக ஒரு படி நகர்த்தி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்: தும்பி ஒரு கணம் புள்ளியை விட்டு விலகினாலும் கமரா பின்னணிக்கு ஓடாது. இதனால் வரும் தீமை, தவறான இடத்தில் பற்றிவிட்டால் அங்கேயே பிடிவாதமாக நிற்பது. அதற்கு மருந்து பெருவிரலை எடுத்து மீண்டும் அழுத்துவதுதான்.

புதிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமராக்களில் பொருளை இனங்காணும் வசதி வந்துவிட்டது. சோனியின் ஏ7ஆர் ஐந்தாம் பதிப்பு, 2022 இல், பூச்சிகளுக்கென்றே தனித் தெரிவுடன் வெளிவந்தது. அத்தெரிவு இல்லாத கமராக்களில் பறவைத் தெரிவை இட்டால் சில வேளைகளில் தும்பியின் பெரிய கண்ணையும் அது பற்றிக்கொள்ளும். ஆயினும் இனங்காணும் வசதி, தும்பி ஓரளவு தெளிவாகத் தெரிந்த பின்னரே வேலை செய்யும். முன்கூட்டிக் குவியம் வைக்கும் வேலையை அது நம்மிடமிருந்து எடுத்துவிடவில்லை.

பொத்தானை அழுத்துவதற்கு முந்திய கணங்களையும் சேமிக்கும் வசதி, குச்சியை விட்டுத் தும்பி எழும் கணத்துக்குப் பெரிதும் உதவுகிறது. ஒலிம்பஸ் 2016 இல் ஈ-எம்1 இரண்டாம் பதிப்பில் இதனைக் கொண்டுவந்தது. பின்னர் கெனன் ஆர்7, நிக்கோன் இசட்9 முதலியவற்றிலும் வந்தது. ஒரு எச்சரிக்கை: இவ்வசதி மின்னணு ஷட்டரில்தான் இயங்குகிறது. விலை குறைந்த சென்சர்கள் படத்தை மேலிருந்து கீழாக வாசித்து முடிக்க எடுக்கும் நேரத்துக்குள் சிறகு பாதி அடிப்பையோ அதற்கு மேலோ முடித்துவிடுவதால், சிறகுகள் வளைந்து நெளிந்து உருக்குலைந்து தெரியும். சோனியின் ஏ9 மூன்றாம் பதிப்பு முழுச் சட்டகத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பதால் அதில் இக்குறை இல்லை. மற்றவர்கள் பறக்கும் படங்களுக்குப் பொறிமுறை ஷட்டரையே நம்புவது நல்லது.

படங்களைத் தரம்பிரித்தல்

வீடு திரும்பியதும் தவறிய படங்களை உடனே அழித்துவிடாதீர்கள். அடுத்த நாளைக்கு என்ன மாற்ற வேண்டும் என்பதை அவையே சொல்கின்றன. பின்னாலுள்ள புல் தெளிந்து தும்பி மங்கியிருந்தால், பெருவிரலை முந்திவிட்டீர்கள், அல்லது பின்னணி மிக அண்மையில் இருந்திருக்கிறது. தாமரை இலை தெளிந்து, அதற்கு அப்பால் தும்பி மங்கியிருந்தால், முன்கூட்டி வைத்த தூரம் பிழை. ஆனால் குவியம் ஓடவில்லை என்பதால் முறை சரியே. வால் தெளிந்து கண் மங்கியிருந்தால் ஓட்டோஃபோகஸில் பிழையில்லை. தும்பி சாய்வாகப் பறந்திருக்கிறது, பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும் அல்லது எஃப் 11க்குப் போக வேண்டும். தும்பி, புல், நீர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டுக் கலங்கியிருந்தால் அது கை அசைவு. தும்பி மட்டும் இழுபட்டு மற்றவை தெளிந்திருந்தால், கமரா அதனுடன் சேர்ந்து நகரவில்லை. ஷட்டர் வேகத்தை ஒரு படி கூட்டி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி அதனைத் தொடர்ந்து பழக வேண்டும். டி.எஸ்.எல்.ஆர் கமராவில் ஒவ்வொரு படத்திலும் தெளிவு தும்பிக்குச் சற்று முன்னாலோ சற்றுப் பின்னாலோ ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தால், அது உங்கள் கையின் பிழையன்று. கமராவில் குவிய நுண்திருத்த வசதி இருந்தால், அமர்ந்திருக்கும் தும்பியொன்றை 4 மீற்றர் தூரத்தில் வைத்துச் சோதித்து, அந்த லென்ஸுக்கென்று அதனைச் சரிசெய்துகொள்ளுங்கள்.